பாயிண்ட் அஞ்சும் ஐநூறு கிராமும்

வணக்கமுங்க. நான் கோபிப் பக்கம் கணக்கு வாத்தியாரா 30 வருசத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். பரீட்சை, கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்துல என்ன மாறோணும், இதப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. எனக்கு இதுல ஒரு பொண்ணு ஞாபகம்தான் மொதல்ல வருது, அங்கிருந்தே ஆரம்பிச்சுக்கறேன்.

ஏழாவது படிச்சுட்டு இருந்த பொண்ணு. எங்க பள்ளிக்கூடத்துல வாராவாரம் பிள்ளைகளக் கம்ப்யூட்டர் ரூம்ல உக்கார வச்சு டெஸ்ட் வெப்போம், நாலு விடை குடுத்து ஒன்னை அமுக்கச் சொல்லும். அன்னிக்கு வந்த கேள்வி, இதுல பெரிய எண் எது? 0.5, 0.36, 0.125, 0.08. இந்தப் பொண்ணு 0.125ஐ அமுக்குச்சு. தவறுன்னு செவப்புல வந்துச்சு, உடனே அடுத்த கேள்வி. கடைசில 10க்கு 4ன்னு காட்டுச்சு, அது எந்திரிச்சுப் போயிருச்சு, அடுத்த பையன் வந்து உக்காந்துட்டான்.

எனக்கு மனசு கேக்கல. சாயங்காலம் பெல் அடிச்சதும் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, எதுக்கு அதை அமுக்குன?"ன்னு கேட்டேன். "நூத்தி இருபத்தஞ்சு பெருசுதானுங்க சார், அஞ்சு சின்னதுங்க"ன்னு சொல்லுச்சு. அதுக்கு நான் திட்டவும் இல்ல, பாடத்த மறுபடியும் ஆரம்பிக்கவும் இல்ல. அந்தப் பொண்ணு லீவு நாள்ல அம்மாயி கூட உழவர் சந்தையில உக்காந்து காய் நிறுத்துக் குடுக்கும், அது எனக்குத் தெரியும். "பச்சை மொளகா அரைக்கிலோ போட்டா உங்க தராசுல என்ன காட்டும்?"னு கேட்டேன். "பாயிண்ட் அஞ்சு சைபர் சைபருங்க சார்." "நூத்தி இருபத்தஞ்சு கிராம் போட்டா?" "பாயிண்ட் ஒன்னு ரெண்டு அஞ்சுங்க." எலெக்ட்ரானிக் தராசுல எப்பவுமே பாயிண்டுக்கு அப்பறம் மூனு எண் காட்டுமில்லீங்களா, அதனால அந்தப் பொண்ணுக்கு சந்தையில இந்தக் குழப்பமே வந்ததில்ல. நான் போர்டுல 0.5ன்னு எழுதி, பக்கத்துல ரெண்டு சைபர் மட்டும் போட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னுச்சு. அப்பறம் கையத் தூக்கி வாயில வச்சுட்டு, "ஐயோ சார், அது அரைக்கிலோங்களா!"ன்னுச்சு.

அஞ்சு நிமிசம் கூட ஆகலீங்க. தசமம் தெரியாத பிள்ளைன்னு கம்ப்யூட்டர் கணக்குல ஏறுன பொண்ணு, லீவு நாளெல்லாம் சந்தையில தசமத்துலதான் காசு வாங்கிப் போட்டுட்டு இருக்குது. அது பண்ணுன தப்புக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, முழு எண்ணப் படிக்கற மாதிரியே பாயிண்டுக்குப் பின்னாடி இருக்கறதயும் படிச்சிருச்சு. இந்தத் தப்பு உலகம் பூரா பிள்ளைக பண்றதுதான், வாத்தியாருகளுக்குத் தெரிஞ்ச தப்பு. நான் இன்னிக்குச் சொல்ல வந்ததே இதுதான். பிள்ளை போட்ட தப்பு விடைதான் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கற பெரிய தகவல், அதை நாம படிக்காமயே தூக்கிப் போட்டுட்டு இருக்கோம்.

இந்த நாலு விடையில ஒன்னைத் தொடற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, அமெரிக்காவுல கான்சாஸ்ல பிரெடரிக் கெல்லின்னு ஒருத்தர் 1915 வாக்குல வாசிப்புப் பரீட்சைக்குக் கொண்டு வந்தாரு. ஒரே பேப்பர ரெண்டு வாத்தியார் திருத்துனா வேற வேற மார்க் வருதே, திருத்தறதுக்கும் நேரம் பத்தலயேங்கற கவலை, நியாயமான கவலைதான். அப்பறம் மிசிகன் மாநிலத்துல ரெனால்ட் ஜான்சன்னு ஒரு பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார் பேப்பர் திருத்த ஒரு மெசின் செஞ்சாரு. அவரு சின்னப் பையனா இருந்தப்ப அக்காமாரைத் தேடி வர்ற பசங்களோட கார்ல ஸ்பார்க் பிளக் மேல பென்சில்ல கோடு போட்டு விட்டுருவாராம், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பென்சில் கரி கரண்ட் கடத்தும், பொறி அந்தக் கோட்டு வழியாப் போயிரும். மோட்டார் வேலை பாக்கற நம்ம கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது சொன்னதுமே புரியும். அதே சங்கதிய வச்சுத்தான் மெசினும், எந்தக் கட்டத்துல கரி இருக்குதோ அங்க கரண்ட் பாயும், மார்க் விழும். ஐபிஎம் கம்பெனி அதை வாங்கி 1938ல 805ங்கற பேர்ல வித்தாங்க. அதுக்கு அப்பறம் கரண்டுக்குப் பதிலா வெளிச்சத்துல பாக்கற மெசின் வந்துச்சு, இப்ப நம்ம பிள்ளைக பால்பாயிண்ட் பேனாவுல வட்டத்தக் கறுப்பாக்கற ஓஎம்ஆர் சீட்டும் அந்த வழிதான். மெசினுக்குத் தெரியறது ஒன்னே ஒன்னு, இங்க கறுப்பா இருக்குதா இல்லயா. அந்தக் கறுப்பு எப்படி வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது.

நான் ப்ளஸ் டூ பேப்பர் திருத்தற கேம்புக்கு வருசா வருசம் போனவன். ஏப்ரல் வெயில்ல காலைல ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, ஃபேன் ஓடுதோ இல்லயோ திருத்திக்கிட்டே இருக்கோணும். அங்க ஸ்டெப் மார்க்னு ஒன்னு உண்டு. பையன் ஃபார்முலா சரியா எழுதி, மதிப்பெல்லாம் சரியாப் போட்டு, கடைசி வரில மைனஸ ப்ளஸ்ஸா மாத்திட்டான்னு வைங்க, 5 மார்க்குக்கு 4 போடுவோம். அதே பையன் அதே தப்ப நீட்ல பண்ணுனா நாலு மார்க் போறதோட இன்னொரு மார்க்கயும் புடிச்சுக்குவாங்க. 2025ல 180 கேள்வி, 180 நிமிசம், சரியா இருந்தா 4, தப்பா இருந்தா மைனஸ் 1. ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம்னா அதுல யோசிக்கறதுக்கு எங்கீங்க நேரம், முன்னாடியே ஆயிரம் தடவ போட்டுப் பாத்த கை தானா போய் வட்டத்தத் தொடோணும். அப்படிப் பழக்கறதுக்குத் தனியா ரெண்டு வருசம் காசு கட்ட முடியறவங்க பிள்ளைதான் முன்னால நிக்கும். 2020ல மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்ததே இதனாலதான்.

ஆனா இதுல நம்ம ஊருக்கும் பெரிய பங்கு இருக்குங்க, அதை மறைச்சுட்டுப் பேசுனா நான் வாத்தியாரா இருந்ததுக்கு அர்த்தமில்ல. நீட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் வச்ச பள்ளிக்கூடங்க கிளம்புச்சு, தமிழ்நாடு பூராவும் இருந்து பிள்ளைகளக் கொண்டாந்து விட்டாங்க. காலைல 5 மணிக்கு எழுப்பி ராத்திரி 10 மணி வரைக்கும் படிப்பு, டெஸ்ட், மறுபடியும் டெஸ்ட். ப்ளஸ் ஒன் பாடத்த ஒப்புக்கு நடத்திட்டு, ரெண்டு வருசமும் ப்ளஸ் டூ பாடத்தயே உருட்டுன பள்ளிக்கூடங்க எத்தனையோ. மார்க் வந்துச்சுங்க, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க ஒரம்பரையில ஒருத்தரு ரெண்டு ஏக்கர் பூமிய வித்துப் பையனச் சேத்தாரு. 1200க்கு 1100க்கு மேல வாங்கிட்டு வந்தான். இஞ்சினியரிங் மொத வருசத்துலயே கணக்குல அரியர். ப்ளஸ் ஒன்ல வர்ற பாடம் அவனுக்கு யாரும் நடத்தவே இல்ல. ஒரு நா என்கிட்ட வந்து நோட்டப் பிரிச்சு வச்சுட்டு, "மாமா, எனக்கு இது எங்கிருந்து வருதுன்னே தெரியல"ன்னு சொல்லிட்டு அழுதான். 18 வயசுப் பையன். அந்தப் பையன் மேல எந்தத் தப்பும் இல்லீங்க.

2017ல அரசாங்கம் மாநில ரேங்க் அறிவிக்கறத நிறுத்துச்சு, அப்ப பள்ளிக்கல்வி அமைச்சரா இருந்தவரு நம்ம கோபி செங்கோட்டையன். நல்ல வேலைங்க அது, ரிசல்ட் அன்னிக்கு நாலு பிள்ளைக போட்டோவ மட்டும் ஊரெல்லாம் ஒட்டி, மத்த பிள்ளைகள ஒன்னுமில்லாம ஆக்கறது கொறஞ்சுச்சு. அதே சமயம் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாங்க, 2018 மார்ச்ல மொத பரீட்சை நடந்துச்சு. அப்பறம் 2025 ஆகஸ்ட்ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையில அதை எடுத்துட்டாங்க, பிள்ளைக மேல வருசா வருசம் பொதுத்தேர்வுப் பாரம் வேண்டாம்னு. பாரம்ங்கறது உண்மைதான், ஆனா எனக்கு இதுல பயம் இருக்குது. அந்தப் பரீட்சை காட்டுக்குப் போட்ட வேலி மாதிரி இருந்துச்சு, ப்ளஸ் ஒன் பாடத்த யாரும் தாண்டிக் குதிச்சுப் போக முடியல. இப்ப வேலிய எடுத்தாச்சு, உள்ள பயிர் இருக்குதான்னு யாரு பாக்கப் போறாங்க? பரீட்சை கூடாதுன்னு பொதுவாச் சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். எதுக்காகப் பரீட்சை, யாரு அந்தப் பேப்பரப் படிக்கறாங்க, படிச்சுட்டு என்ன பண்றாங்க, அதைத்தான் கேக்கோணும்.

மார்க்க வாத்தியார் வேலையோட முடிச்சுப் போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கும் அமெரிக்காவுலயே பாடம் இருக்குதுங்க. 2002ல ஒரு சட்டம் போட்டு மூனாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வருசா வருசம் கணக்குலயும் வாசிப்புலயும் டெஸ்ட் வெக்கோணும், மார்க் ஏறலைன்னா பள்ளிக்கூடத்து மேல நடவடிக்கைன்னாங்க. பல ஊர்கள்ல வரலாறு, சயின்ஸ், பாட்டு, வெளையாட்டு எல்லாத்துக்கும் நேரத்தக் கொறச்சாங்க. அட்லாண்டாவுல வாத்தியாருகளே பிள்ளைக குறிச்ச தப்பு விடைய ரப்பர் வச்சு அழிச்சு சரியான வட்டத்த நிரப்பியிருக்காங்க, 2015ல 11 பேர கோர்ட்டு குத்தவாளின்னு சொல்லுச்சு. அந்த 2002 சட்டத்தயும் அதே 2015 கடைசில மாத்திட்டாங்க. எனக்கு அந்த ரப்பர நெனச்சாத்தான் நெஞ்சு பதறுது, பிள்ளை என்ன தப்பாப் புரிஞ்சுச்சுங்கறதுக்கு மிச்சமிருந்த ஒரே தடயத்த வாத்தியாரே அழிச்சுட்டாரு.

சரி, கம்ப்யூட்டர் வேண்டாமாங்கன்னு கேட்டா, வேணும்னுதான் சொல்லுவேன். எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு ரிப்போர்ட் வரும், வகுப்பு சராசரி இத்தன சதவீதம், போன தடவய விட ஏத்தமா எறக்கமா. அதை வச்சு ஒரு வாத்தியார் நாளைக்குக் காலைல வகுப்புல என்ன பண்ண முடியும்? ஆனா எந்தப் பிள்ளை எந்தத் தப்பு விடைய அமுக்குச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமில்லீங்களா! 0.125ஐ அமுக்குன பிள்ளை முழு எண் மாதிரி படிக்குது. 0.08ஐ அமுக்குன பிள்ளைக்கு சைபர் எங்க இருக்குதுங்கறதே கணக்கில்ல, எட்ட மட்டும்தான் பாக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து குடுக்க முடியாது. கேள்வி தயார் பண்றவங்க ஒவ்வொரு தப்பு விடையயும் ஒரு காரணத்தோட வச்சாங்கன்னா, "உங்க வகுப்புல இந்த பதினோரு பிள்ளைக இப்படிப் புரிஞ்சு வச்சிருக்காங்க"ன்னு ரிப்போர்ட் குடுக்கலாம், அது கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய வேலையே இல்ல. அதோட வாத்தியாருக்கு அந்தப் பிள்ளைகளோட உக்காரறதுக்கு நேரமும் குடுக்கோணும், ஆப்ல அட்டெண்டன்ஸ், ஆப்ல டேட்டா என்ட்ரின்னு பாதி நாள் செல்போனத் தடவிக்கிட்டே போயிருது, நெட்வொர்க் இல்லாத மலையடிவாரப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் சிக்னலுக்காக மொட்டை மாடில நிக்கறத நானே பாத்திருக்கேன்.

கோயமுத்தூர் பட்டறையில, ஐடிஐயில ஃபிட்டர் படிக்கற பையனுக்குப் பரீட்சை எப்படி வெப்பாங்கன்னு பாத்திருக்கீங்களா? ஒரு இரும்புத் துண்டக் குடுத்து அரத்துல ராவி மூலை மட்டம் எடுக்கச் சொல்லுவாங்க. பையன் ராவி எடுத்துட்டு வந்து குடுப்பான், மாஸ்டர் அது மேல மூலை சரியா இருக்குதான்னு பாக்கற ட்ரை ஸ்கொயர வச்சு ஜன்னல் பக்கமாத் தூக்கிப் பிடிப்பாரு. எங்கயாச்சும் இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா அந்த எடத்த வெரல்ல தொட்டுக் காட்டி, "இங்க ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வா"ம்பாரு. பையன் போய் இழுத்துட்டு வருவான், மறுபடியும் தூக்கிப் பாப்பாரு. அதுதாங்க நான் கேக்கற பரீட்சை, தப்பு எந்த எடத்துலன்னு காட்டி, சரி பண்ணிட்டு வர்றதுக்கு இன்னொரு வாய்ப்பும் குடுக்கற பரீட்சை. கோயமுத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்துல 1893ல பொறந்த ஜி.டி.நாயுடு பள்ளிக்கூடத்துல பெருசா ஒன்னும் உக்காந்ததில்ல, மோட்டாரப் பிரிச்சுப் போட்டு மாட்டித்தான் படிச்சாரு. இந்த ஊரு அப்படிப் படிச்ச ஊருங்க, நமக்கு இது புதுசில்ல.

கேட்டுட்டு இருக்கற பெத்தவங்களுக்கு ஒன்னு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகள்ல பள்ளி மேலாண்மைக் குழு இருக்குது, அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களாத்தான் இருக்கோணும். கூட்டத்துக்குப் போனா பாஸ் பர்சன்டேஜ் எவ்வளவு, மத்த பள்ளிக்கூடத்த விட நாம மேலயா கீழயான்னு கேட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துர்றோம். அடுத்த கூட்டத்துல ஒரு வகுப்பு கணக்கு நோட்டுகளக் கொண்டாரச் சொல்லுங்க. வாத்தியார் தப்புன்னு சுழிச்ச எடங்கள மட்டும் பாருங்க, அதுக்குக் கீழ பிள்ளை திருப்பிப் போட்டுப் பாத்திருக்குதா, வாத்தியார் ஏதாச்சும் எழுதியிருக்காரான்னு பாருங்க. எழுத நேரமில்லைன்னு அவரு சொன்னா சண்டைக்குப் போகாதீங்க, எந்த வேலையெல்லாம் அவரு நேரத்தத் திங்குதுன்னு கேட்டு அதைத் தீர்மானத்துல எழுதி மேல அனுப்புங்க, உங்க கையெழுத்தோட.

அந்தப் பொண்ணு இப்ப ப்ளஸ் டூ. காமர்ஸ் எடுத்திருக்குது. போன மாசம் சந்தையில பாத்தேன், கத்திரிக்கா நிறுத்துக் குடுத்துட்டு, தராசக் காட்டி, "சார், பாயிண்ட் ஏழு அஞ்சு சைபருங்க, கடைசி சைபருக்குக் காசில்லீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு.