பை தூக்கிகள் பேசுகிறோம்

(பட்டிமன்றத் தலைப்பு: ஓடுகிற மகள்களோடு மைதானத்துக்கு வரும் பெற்றோர் கையில் இருக்க வேண்டியது ஸ்டாப்வாட்சா? பையா? ‘பையே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொன்னார். ஓட்டம் என்றாலே நேரக் கணக்கு, நேரம் பிடிக்காத அப்பா அம்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு பங்கு நொடியில், அதன் அருமை வீட்டிலேயே தெரிய வேண்டும் என்றார். அக்காவும் தங்கையும் ஓடினால் இருவர் டைமிங்கையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், தானாகப் போட்டி வளரும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், குரல் அப்படி!

உஷாவிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றாவது வந்தவர் 55.41, உஷா 55.42. உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது யாருடைய கட்டைவிரல்? ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா ஐயா! கட்டைவிரலுக்கு நூறில் ஒன்று தெரியாது. பத்தில் ஒன்றே தகராறு.

கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 100 மீட்டர் பந்தயம். அப்பா முடிவுக்கோட்டுப் பக்கம் நிற்கிறார், துப்பாக்கி அந்தக் கோடியில் வெடிக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதாவது சத்தம் இவர் காதுக்கு வர ஏறக்குறைய 0.3 நொடி. இவர் பொத்தானை அமுக்கும்போது மகள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டாள். பயிற்சி பெற்ற நேரக்காப்பாளர்கள் காதை நம்பாமல் புகையையோ விளக்கையோ பார்த்து அமுக்குவது இதனால்தான். முடிவிலும் கோளாறு உண்டு. விதி கேட்பது உடற்பகுதி கோட்டைத் தொடும் கணத்தை. தலையும் கையும் காலும் கணக்கில் வராது. நம் ஆள் பாதம் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்து அமுக்குவார், அதுவும் காலரியில் சாய்கோணத்தில் உட்கார்ந்துகொண்டு. விதிமுறையே கைநேரத்தை நம்புவதில்லை: கடிகாரம் 12.31 காட்டினால் 12.4 என்றுதான் எழுத வேண்டும். அதையும் மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு வழக்கமாக இன்னும் 0.24 நொடி கூட்டுவார்கள்.

போன வாரம் அப்பா கடிகாரத்தில் 12.9. இந்த வாரம் மின்னணுப் பலகையில் 13.2. வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி: “என்னம்மா ஆச்சு உனக்கு?” அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் லேட்டாக வந்தது, அவ்வளவுதான்! பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்திருந்தால் அந்த 12.9 சாதனைக் கணக்கிலேயே சேராது. காற்றை அளக்க எந்த அப்பா கருவி கொண்டு வருகிறார்?

800 மீட்டருக்கு வருகிறேன். இரண்டு சுற்று. முதல் சுற்று இரண்டாவதைவிட இரண்டு மூன்று நொடி வேகமாக இருப்பது சகஜம். 2 நிமிடம் 24 நொடி இலக்கு என்றால் 71, 73 என்று பிரியும். கடிகாரக்கார அம்மா முதல் 200 மீட்டரிலேயே “லேட்டு, லேட்டு, போ!” என்று கத்துவார். பிள்ளை அம்மா பேச்சைக் கேட்டு 67-ல் முதல் சுற்றை முடிப்பாள். கடைசி 150 மீட்டரில் கால் கல்லாகி, நான்கு பேர் தாண்டிப் போவார்கள். கோச் இரண்டு மாதம் கற்றுக்கொடுத்த வேகப் பங்கீட்டை ஒரு கூச்சல் அழித்துவிடும். உள்மைதானத்தில் இறங்கிக் கூடவே ஓடி நேரம் சொன்னாலோ, அது வெளியுதவி. மகளுக்குத்தான் எச்சரிக்கை, தொடர்ந்தால் தகுதிநீக்கம். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் சில்லறை, நடுவர் அவர்களே. பெரிய நோட்டை இப்போது எடுக்கிறேன்.

பெண் பிள்ளைக்கு உயரம் மிக வேகமாகக் கூடுவது சராசரியாக 12 வயதை ஒட்டி. முதல் மாதவிடாய் அதற்குச் சுமார் ஓராண்டு கழித்து. முன்னே பின்னே இரண்டு வருடம் ஆவதும் இயல்பே. கால் நீளும், இடுப்பு அகலும், உடலில் கொழுப்பு சேரும். அது சேர வேண்டிய கொழுப்பு. தசை பலம் இதற்கு ஈடுகொடுக்கக் கொஞ்சம் நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் டைமிங் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு, நகராது. பின்னுக்கும் போகும். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இது கண்ணுக்கே தெரியும். தடைக்கும் தடைக்கும் நடுவே 8.5 மீட்டர், மூன்று காலடியில் கடக்க வேண்டும். கால் நீண்ட பிறகு பழைய பழக்கத்தில் ஓடுகிற பிள்ளை தடையை ஒட்டி வந்து நிற்பாள், முழங்கால் இடிக்கும். சோம்பலா இது? அளவு மாறிய உடம்பு, அவ்வளவுதான். காலடியைச் சுருக்கி வேகமாக வைக்கப் புதிதாகப் பழக வேண்டும்.

இப்போது எதிரணியின் ‘ஒரே நோட்டு’க்கு வாருங்கள். அக்காவுக்கு 16, தங்கைக்கு 13. இருவரும் 1500 மீட்டர். அக்கா உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது, தங்கைக்கு இன்னும் தொடங்கவில்லை, இறகு மாதிரி இருக்கிறாள். நோட்டில் தங்கை முந்துகிறாள். வீட்டில் என்ன பேச்சு? “பார், உன்னைவிட மூன்று வயது சின்னவள்.” போட்டி வளரும் என்றாரே, வளர்வது என்ன தெரியுமா? அக்கா தட்டில் சாப்பாடு குறையும். தங்கைக்கு, உடம்பு மாறினால் நம்மையும் இப்படித்தான் சொல்வார்கள் என்ற பயம் வரும். மூன்று வருடம் கழித்து அதே நோட்டில் தங்கையும் தேங்குவாள். அப்போது யாரைக் காட்டுவார்கள்?

தட்டில் குறைவதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிகாரம் இங்கேதான் நம்மை ஏமாற்றும். செலவழிக்கிற சக்திக்குத் தக்கபடி சாப்பிடாத பிள்ளைக்கு முதல் சில வாரம், சில மாதம், டைமிங் குறையவே செய்யலாம். எடை இறங்கியிருக்கிறது அல்லவா! ஸ்டாப்வாட்ச் “சபாஷ்” என்கிறது. உள்ளே உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. முதல் வெட்டு மாதவிடாய்க்கு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், அதுவும் வாழ்நாள் எலும்பில் பெரும்பகுதி சேர்கிற வயதில். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலைக்கென்று தனிப் பெயர் வைத்து அறிக்கையே வெளியிட்டது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிக்குப் போனவர். 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: மூன்று வருடம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்பு முறிந்தது.

ஆகவே நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு நோட்டு வேண்டும். மாதவிடாய் தேதியை எழுதுங்கள். வேண்டுமானால் மகளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். 15 வயதாகியும் வரவில்லை, அல்லது வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுவிட்டது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். “ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்” என்று கோச் சொன்னாலும் போக வேண்டும். தூக்கத்தை எழுதுங்கள், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். காரணமில்லாமல் களைப்பு, படி ஏறினால் மூச்சு என்றால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் இரும்பு என்பது அமெரிக்கப் பரிந்துரை, பையனுக்கு 11 போதும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் சேர வேண்டிய இரும்பும் சேராது. பரிசோதிக்காமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அதிகமானாலும் ஆபத்து.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்கிறாளா? விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் நீளமாகத் தடவி “இங்கெல்லாம்” என்றால், ஓய்வும் பயிற்சிக் குறைப்பும் பெரும்பாலும் போதும். ஒரே விரல் நுனியால் ஒரே புள்ளியைக் காட்டினால், ராத்திரியிலும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றோடு ஓட்டம் நிறுத்தம். இடுப்பு மடிப்பில் ஆழமான வலி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் அறுவை சிகிச்சையில் போய் முடியும். ஸ்டாப்வாட்சில் இதற்கு எந்தப் பொத்தான்?

சரி, பையைத் திறக்கிறேன். எதிரணி சிரிக்கலாம்.

மேலேயே சேஃப்டி பின், டஜன் கணக்கில். செஸ்ட் நம்பருக்கு நான்கு மூலைக்கும் நான்கு, முதுகுக்கும் உண்டென்றால் எட்டு, மிச்சம் பக்கத்து லேன் பிள்ளைக்கு. நம்பரை மடக்கவோ வெட்டவோ கூடாது. சின்ன உடம்பென்று மடித்துக் குத்திவிட்டால் பந்தயத்துக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கிற ‘கால் ரூமில்’ (call room) பிரித்துக் குத்தச் சொல்வார்கள், அந்தப் பதற்றம் தனி. அடுத்து ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி, அதன் ஆணியைக் கழற்றும் சாவி, மாற்று ஆணிகள். செயற்கைத் தளத்தில் உலக விதி 9 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும், ஆனால் பல மைதானங்கள் 6-க்கு மேல் விடுவதில்லை. முன்தினமே கேட்டு மாற்றுங்கள். ஆணியை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் துருப்பிடித்து இறுகும், சாவி வழுக்கித் தலை மழுங்கிவிடும். பந்தயத்தன்று காலையில் அதைக் கழற்றப் போராடும் அப்பாக்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம், பக்கத்தில் கடிகாரம் சும்மா கிடக்கும். புது ஸ்பைக்ஸைப் பந்தயத்தன்று முதன்முதலாகப் போடவே கூடாது. குதிகால் தாழ்வாக இருப்பதால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுக்கும். இரண்டு மூன்று பயிற்சிகளில் நான்கைந்து குறு ஓட்டம் மட்டும் ஓடிப் பழக்க வேண்டும்.

அதற்கடியில் நாப்கின், அடர்நிற மாற்று ஷார்ட்ஸ், உலர்ந்த ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று. சபையில் சொல்லக் கூச்சப்படுகிறோம், அந்தக் கூச்சத்தினாலேயே எத்தனையோ பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதை நிறுத்துகிறார்கள். பிராவின் பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், கையைத் தூக்கினால் பட்டை மேலேறக் கூடாது. உராயும் இடத்தில் வாசலின். வளர்கிற உடம்பு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு பாருங்கள். இந்தப் பகுதியை அப்பாவும் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை.

சாப்பாடு: பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு பழகிய உணவு. ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றுப் பந்தயத்துக்கும் இறுதிக்கும் நடுவே ஒரு வாழைப்பழம், தண்ணீர். அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். 800 முடிந்த பிள்ளை வாந்தி எடுத்தால் அலறாதீர்கள், மெதுவாக நடக்க வையுங்கள், துண்டைக் கொடுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் கேட்காதீர்கள். நேரத்தைக் கோச் எழுதியிருப்பார், பலகையில் வந்திருக்கும், அவளுக்கும் தெரியும். அங்கே தெரியாத ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் நஷ்டமில்லை.

தீர்ப்புக்கு முன்னால், நடுவர் அவர்களே, எதிரணி நண்பரிடம் நான்கு கேள்வி மட்டும் கேளுங்கள். நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொல்லட்டும். பெரியவள் ஷூவில் இப்போது இருக்கிற ஆணி எத்தனை மில்லிமீட்டர்? சின்னவள் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள்? கால் வலி என்றாளே, ஒரு விரலால் காட்டினாளா, உள்ளங்கையாலா? பெரியவளுக்கு மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது? போன சனிக்கிழமை 800-ல் என்ன டைமிங் என்று கேட்டால் தசமப் புள்ளியோடு சொல்வார். அதைக் கேட்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.