ஸ்லீப் லேபில் டெக்னீஷியனுக்கு இரவு முழுக்க என்ன வேலை? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன்: 'பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி முடித்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் ஸ்லீப் லேப் டெக்னீஷியன் வேலை கிடைக்கிறது. கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுவிடும், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கும் கருவியும் வந்துவிட்டது என்கிறார்கள். ஒருவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஓர் ஆள் தேவையா? இந்த வேலையில் சேரலாமா?'

சேரலாம், தம்பி. கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஸ்லீப் லேப் என்பது நோயாளியை ஓர் இரவு தூங்கவைத்து, தூக்கத்தையும் மூச்சையும் பதிவு செய்யும் அறை; தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் 'ஸ்லீப் ஆப்னியா' என்ற நோயைத்தான் அங்கே முக்கியமாகத் தேடுகிறோம். தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை என்று உங்களிடம் யார் சொன்னார்களோ, அவர்கள் ஓர் இரவுகூட அந்த அறையில் இருந்ததில்லை.

வேலை முந்தின நாளே போனில் தொடங்கிவிடுகிறது. தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று நோயாளியிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இது பெரிய விஷயம். மருத்துவமனையில் தங்கப் போகிறோமே என்று தேங்காய் எண்ணெய் தடவி, படிய வாரிக்கொண்டு வருவார்கள். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு, அதாவது உடம்பின் மின் அலையை எடுக்கும் சின்ன ஒயர் முனை, ஒட்டாது. பகல் தூக்கம் வேண்டாம், மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், ஒரு விரலிலாவது நகப்பூச்சு இல்லாமல் இருக்கட்டும், வழக்கமான மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இவ்வளவையும் சொல்லி வைத்தால்தான் மறுநாள் இரவு உருப்படும்.

அவர் வந்ததும் டேப் எடுத்துத் தலையை அளக்கிறோம். மூக்குத் தண்டின் மேல் உள்ள பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை, காதிலிருந்து காது வரை. அந்தத் தூரங்களை 10, 20 விழுக்காடாகப் பிரித்துத்தான் ஈ.ஈ.ஜி., அதாவது மூளை அலைப் பதிவுக்கான எலக்ட்ரோடு வைக்கும் இடங்களைக் குறிக்கிறோம். தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து ஒட்டி, மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் எடுத்துவிட்டு மறுபடியும் ஒட்ட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் நள்ளிரவில் அந்தக் கோடு வெறும் இரைச்சலாக ஓடும். அதைச் சரிசெய்ய, அப்போதுதான் ஆழ்ந்து தூங்கத் தொடங்கியவரை எழுப்ப வேண்டியிருக்கும். தலைக்குப் பிறகு கண்ணோரம், தாடை, கால், நெஞ்சு என்று ஒவ்வோர் இடமாக ஒட்டுகிறோம். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர்.

ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தில் வாய் பேசாமல் வேலை பார்க்கும் டெக்னீஷியனை நான் நல்ல டெக்னீஷியன் என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் பயந்திருக்கிறார். ஷாக் அடிக்குமா, இரவில் கழிவறைக்கு எப்படிப் போவது, தூக்கமே வராவிட்டால் பணம் வீணா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எதற்கு எந்த ஒயர் என்று சொல்லிக்கொண்டே ஒட்டுங்கள். அறையில் கேமரா இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெண் நோயாளி என்றால் ஒரு பெண் ஊழியரோ வீட்டுப் பெண்ணோ உடன் இருக்கட்டும். பயம் தெளிந்தவர் இத்தனை ஒயரோடும் தூங்குகிறார். வீட்டில் தூங்குவதைப் போல இருக்காதுதான், ஆனாலும் நோயைக் கண்டறிய அது பெரும்பாலும் போதும்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பதிவை 30 விநாடிப் பக்கங்களாகப் பிரித்துப் படிக்கிறோம். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் விழிப்பா, எந்த வகைத் தூக்கம், மூச்சு தடைப்பட்டதா என்று மென்பொருள் சில நிமிடங்களில் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிடுகிறது. எங்கே தவறுகிறது தெரியுமா? ஏசி குளிர்கிறது என்று நோயாளி தலை வரைக்கும் போர்த்திக்கொள்கிறார், வியர்க்கிறது. வியர்வை ஈ.ஈ.ஜி.யில் மெதுவான பெரிய அலையாக வந்து விழும். மென்பொருள் அதை ஆழ்ந்த தூக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மூக்குக் குழாய் நழுவினாலும், அவர் வாயால் மூச்சுவிட்டாலும் அந்தக் காற்றுக் கோடு தட்டையாகிவிடும். மென்பொருளுக்கு அது மூச்சுத் தடையாகத் தெரியலாம். நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறது, ஆக்சிஜன் இறங்கவே இல்லை, வாயருகே உள்ள வெப்ப சென்சாரில் மூச்சு தெரிகிறது என்று எல்லாக் கோடுகளையும் சேர்த்துப் பார்த்து 'இது நோய் இல்லை, குழாய் நழுவியிருக்கிறது' என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அந்த நேரத்திலேயே உள்ளே போய்ச் சரிசெய்யவும் ஆள் வேண்டும். நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடியும் காற்று போகவில்லை என்றால் தொண்டையில் அடைப்பு. போராட்டமே இல்லை என்றால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

வீட்டுக் கருவி பயனுள்ளதுதான், குறை சொல்ல மாட்டேன். இதய, நுரையீரல் சிக்கல் எதுவும் இல்லாத, நோய் இருப்பது ஏறக்குறைய தெளிவாகத் தெரியும் ஒருவருக்கு அது போதும். ஆனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் ஈ.ஈ.ஜி. கிடையாது, ஆள் தூங்கினாரா, விழித்துப் புரண்டாரா என்று அவற்றுக்கு நேரடியாகத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவி ஏழு மணி நேரம் ஓடுகிறது, அவர் தூங்கியது நான்கே மணி நேரம், மூச்சு 80 முறை தடைப்பட்டிருக்கிறது. ஏழால் வகுத்தால் மணிக்குப் பதினொன்று சொச்சம். நான்கால் வகுத்தால் இருபது. பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஒரே மனிதர், ஒரே இரவு. வகுக்கும் எண் மாறியதால் நோயின் தரமே மாறிவிடுகிறது.

நோய் உறுதியானவர்களுக்கு அடுத்து சி-பேப். 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவனும் அவரது குழுவினரும் உலகுக்குச் சொன்ன முறை இது. மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. யாருக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை ஸ்லீப் லேபில் கண்டுபிடிப்பது நாம்தான். பெரியவர்களுக்கு 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கி, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்துப் பொறுத்துக் கொஞ்சமாக ஏற்றுகிறோம். மல்லாந்து படுத்த நிலையில், கனவு வரும் ரெம் தூக்கத்தில் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கும்வரை அந்த எண்ணை நம்ப முடியாது. பலருக்கு நோய் மிக மோசமாவது அப்போதுதான், அதிலும் ரெம் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். நமக்குக் கண் சொக்கும் நேரமும் அதுவே.

முதல்முறை முகமூடி மாட்டும்போது பலர் பிடுங்கி எறிவார்கள். கோபப்படாதீர்கள். முதலில் கையில் வைத்துக் காற்றை உணரச் சொல்லுங்கள், பிறகு மூக்கில் வைக்கச் சொல்லுங்கள், பட்டையைக் கடைசியாக மாட்டுங்கள். அன்று இரவு அவர் பட்ட பாடு என்ன என்பதைப் பொறுத்தே வீட்டுக்குப் போய் அந்தக் கருவியைப் போடுவதும் பரணில் ஏற்றுவதும் பெரும்பாலும் முடிவாகிறது. இந்த வேலையில் நான் மிக உயர்வாக நினைப்பது இந்தப் பொறுமையைத்தான். எந்த மென்பொருளும் அதைச் செய்யப் போவதில்லை.

காலையில் ஒயரை எடுக்கும்போது 'என்ன தெரிந்தது?' என்று கேட்பார்கள். முடிவைச் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் இரவில் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினாலோ, ஆக்சிஜன் இறங்கி ஏறாமல் நின்றாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. பணியில் இருக்கும் டாக்டரை உடனே அழைக்க வேண்டும்.

உங்கள் உடம்பையும் யோசியுங்கள், தம்பி. பகலில் இருட்டான அறையில் தூங்க வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இரவுப் பணி முடித்து தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். சேருவதற்கு முன் மருத்துவமனையிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இரவில் கூப்பிட்டால் வர டாக்டர் இருக்கிறாரா? 960 பக்கத்தையும் படிக்கத் தனி நேரம் தருவார்களா, அல்லது மென்பொருள் கொடுத்ததையே அச்சடித்துக் கொடுக்கச் சொல்வார்களா? ஓர் ஆளுக்கு எத்தனை நோயாளி? இரண்டு வரை சரி. நான்கு படுக்கைக்கு நீங்கள் ஒருவர்தான் என்றால் அந்த இடம் வேண்டாம், வேறு இடம் தேடுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.