கல் கொத்தின நாள்

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த முதலாண்டு நினைவுக் கூட்டத்தில், மகள் பேசியது.)

பெரியவர்களே, தாய்மார்களே, எங்கள் தெருக்காரர்களே, வணக்கம்.

அப்பாவை உங்களில் பாதிப்பேர் "மில்லுக்காரரே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாவு மில்லுக்குள்ளே இரண்டு வட்டக் கல் இருக்கும். ஓட ஓட அது மழுங்கிப்போகும், மாவு சூடாகவும் நறநறப்பாகவும் விழும். அப்போது கல்லைக் கழற்றி, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து கொத்தவேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் கொத்துவார். முதலில் இரண்டு கை அரிசி போட்டு, கல் துகள் போக ஓட்டிக் கொட்டிவிடுவார். அப்புறம் மாவு சரியாக விழுகிறதா என்று ஏதாவது தானியத்தை அரைத்துப் பார்ப்பார்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு ஒரு ஆயா வரும். கூடைக்கு மேலே துணிப்பையில் ரேஷன் கோதுமை. அப்பா பையை வாங்கிக்கொண்டே, "இப்பதான் கல்லு கொத்தினேன் ஆயா. ஓட்டிப் பாக்கணும், உன் கோதுமையக் குடு. இதுக்குப் போய்க் காசு வாங்குவாங்களா?" என்பார். ஆயாவும் ஏதோ உதவி செய்தது மாதிரி நிமிர்ந்து நிற்கும். புதன்கிழமையும் இதையேதான் சொல்வார், வெள்ளிக்கிழமையும் இதையேதான். கல் கொத்துவது வாரத்துக்கு ஒரு தடவைதான் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது. அம்மாவுக்கு முதல் நாளே தெரியும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் மில்லின் தகரக் கூரை அடுத்த தெருவில் கிடந்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கூரையைத் தேடிப் போகாமல், மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஆயில் இன்ஜினைத் துடைத்து, பெல்ட் மாட்டினார். மேலே வானம், கீழே அரவை. டீசலுக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்றார், கொடுக்காதவர்களை ஏனென்று கேட்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள்.

எனக்கு அப்பா என்றால் அவர் புறங்கைதான். பள்ளிக்கூடம் விட்டு நேரே மில்லுக்குப் போவேன், சாயங்காலம் மிளகாய் அரைக்கிற நேரம். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் உள்ளங்கையில் நெடி நிற்கும். அதனால் என் கன்னத்தை எப்போதும் புறங்கையால்தான் தொடுவார். எனக்குக் கல்யாணம் ஆகிற அன்றைக்கு, மில் பூட்டியிருந்தது, கையில் மிளகாய் இல்லை, அன்றைக்கும் புறங்கைதான்.

காரியம் முடிந்து தம்பி மில்லைத் திறந்த அன்று ஆயா வந்தது. பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றது.

"கல்லு கொத்தினியா தம்பி?"

அன்று செவ்வாய்க்கிழமை. தம்பி என்னைப் பார்த்தான். அப்புறம் பைக்குக் கை நீட்டினான்.

"இப்பதான் ஆயா. குடு, ஓட்டிப் பாக்கணும்."