தலையிடியும் காய்ச்சலும்: போர்ப்படங்களை நாம் ஏன் விரும்புகிறோம்?

(மல்லாவியில் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முதன்மை விருந்தினராக வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, சிறப்பு விருந்தினரான வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அயற்பாடசாலைகளின் அதிபர்களே, கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பிரதேச செயலாளர் அவர்கள் இன்று காலையிலிருந்து மூன்று கூட்டங்களை முடித்துவிட்டு, மதியச் சாப்பாடும் இல்லாமல் நேரே இங்கே வந்திருக்கிறார் என்று அறிந்தேன். அந்த அக்கறைக்கு நன்றி. வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள் இந்தப் பக்கத்தில் இளம் ஆசிரியராக இருந்த நாட்களில், மரநிழலில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து நாங்கள் இருவரும் அடுத்தடுத்த வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறோம். இன்று அவரை மேடையில் பார்க்க மனம் நிறைகிறது. கமக்காரர் அமைப்பின் தலைவர், மின்சாரம் நின்றாலும் விழா நிற்கக் கூடாது என்று தன் வீட்டு மின்பிறப்பாக்கியை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து வைத்திருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மின்பிறப்பாக்கி ஒன்றைப் பற்றி நான் இன்று நிறையப் பேசப் போகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மக்கள் விரும்பும் போர்ப்படங்கள். மூன்று விடயங்கள் சொல்ல வந்தேன். போர்ப்படங்களை மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது முதலாவது. அந்தப் படங்கள் எங்கே பொய் சொல்கின்றன, எங்கே உண்மை சொல்கின்றன என்பது இரண்டாவது. போர்ப்படங்களில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது மூன்றாவது.

என் அப்பாச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார்: "தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்." அடுத்தவனுடைய காய்ச்சல் நமக்குச் சுடாது என்பது அதன் பொருள். நல்ல படம் என்பது அடுத்தவனுடைய காய்ச்சலை இரண்டு மணி நேரம் நம் நெற்றியில் ஏற்றிவிடுவது. நான் இதுவரை கண்ட காரணங்களுள் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

போர்க்கதை கேட்பது நமக்குப் புதிதா? பரணி என்று ஓர் இலக்கிய வகையையே போருக்காக வைத்திருக்கிறது தமிழ். கூத்துக் களரியில் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் நுழையும் இடம் வரும்போது விடியப்புறம் ஆகிவிடும். தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். உள்ளே போகத் தெரிந்த அவனுக்கு வெளியே வரத் தெரியாது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, இந்த முறையாவது வந்துவிட மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1959 இல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக நடித்த படத்தை எங்கள் தந்தையர் அப்படித்தான் பார்த்தார்கள். தூக்குமரம் வரும் என்று தெரிந்தே போய், மறுநாளும் போனார்கள். நமக்கும் ஒரு வீரன் உண்டு. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், கற்சிலைமடுவில், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று 31 ஒக்டோபர் 1803 திகதியிட்டுக் கல் நாட்டினார்கள். வென்றவன் வெட்டிவைத்த எழுத்தினால்தான் தோற்றவன் நின்ற இடம் நமக்குத் தெரிகிறது. யார் மொழியில் எழுதப்படுகிறதோ அவர் பக்கத்துக் கதைதான் மிஞ்சும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இந்த இடத்துக்கு வருவேன்.

இப்போது மின்பிறப்பாக்கிக்கு வருகிறேன்.

1997 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் மல்லாவியைச் சுற்றிக் காடுவெட்டிக் கொட்டில் போட்டிருந்த காலம். மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். போத்தல் விளக்கில் திரியை உள்ளே இழுத்துவிட்டு, பொட்டுப்போல எரியவிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஓர் இரவு, நண்பர் ஒருவர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு சிறிய மின்பிறப்பாக்கியையும் கொண்டுவந்தார். சந்திரமுகம் தெரியாத இருட்டு. இருநூறு பேராவது சாக்கிலும் தறப்பாளிலும் வந்து அமர்ந்தார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கசற். எல்லோரும் எம்ஜிஆர் படம் என்று நினைத்திருந்தார்கள். போட்டால் ரஷ்யப் படம். 1959 இல் கிரிகோரி சுக்ராய் எடுத்த 'பலட் ஒஃப் எ சோல்ஜர்'. தமிழில் 'ஒரு போர்வீரனின் கதைப்பாடல்' என்று சொல்லலாம். கீழே ஆங்கிலத் துணைவரி ஓடுகிறது. சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. நான் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வரும் வரிகளைத் தமிழில் உரக்கச் சொல்லத் தொடங்கினேன். எழும்பியவர்கள் திரும்ப அமர்ந்தார்கள்.

கதை இதுதான். அலியோஷாவுக்குப் பத்தொன்பது வயது. பயந்து ஓடிய ஓட்டத்தில் இரண்டு டாங்கிகளை அடித்துவிடுகிறான். தளபதி பதக்கம் தருகிறேன் என்கிறார். பதக்கம் வேண்டாம், அம்மாவைப் பார்க்க விடுங்கள், வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், அதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்கிறான். ஆறு நாள் விடுமுறை கிடைக்கிறது. வழியில் ஒரு படைப்பிரிவு, தங்களிடம் இருந்த இரண்டு சவர்க்காரக் கட்டிகளையும் கொடுத்து, எங்கள் தோழனின் மனைவியிடம் சேர்த்துவிடு என்கிறது. அன்றைக்குச் சவர்க்காரத்தின் அருமை எங்கள் சபைக்குத் தெரிந்ததுபோல உலகத்தில் வேறு எந்தச் சபைக்கும் தெரிந்திராது. அந்த மனைவி வேறொருவனோடு வாழ்வதைக் கண்டு, அவன் திரும்பி வந்து சவர்க்காரத்தைப் பறித்துக்கொண்டுபோய் அந்தப் போர்வீரனின் வயதான தந்தையிடம் கொடுக்கிறான். பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவில்லை. ஒரு காலை இழந்த சிப்பாய்க்கு உதவுகிறான், புகைவண்டியில் ஒளிந்து வரும் ஒரு பெண்பிள்ளைக்கு உதவுகிறான். நாள் கரைகிறது. சபையிலிருந்து ஓர் ஆச்சி சத்தம் போட்டார்: "ராசா, இனி ஒருத்தருக்கும் உதவாதே! தாயிடம் ஓடு!"

அவன் ஊருக்குப் போகும் பாதையில் ஏறிவிட்டான். அந்த நேரத்தில் மின்பிறப்பாக்கி இருமியது. இரண்டு முறை துடித்தது. நின்றுவிட்டது.

எண்ணெய் முடிந்துவிட்டது. திரை கறுப்பு. காடு முழுவதும் கறுப்பு. யாரும் எழுந்து போகவில்லை. நண்பர் வந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைக்கு யார் எங்கே இருப்போம் என்று எவருக்குத் தெரியும்? அப்போது அந்த ஆச்சி தன் கொட்டிலுக்குள் போனார். எரிந்துகொண்டிருந்த போத்தல் விளக்கை ஊதி அணைத்தார். திரியைக் கழற்றிவிட்டுப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். "அந்தப் பிள்ளை தாயைக் காணாமல் நான் எப்படிப் படுப்பேன்?" என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒவ்வொரு கொட்டிலிலும் விளக்கு அணைவது தூரத்திலிருந்து தெரிந்தது. நான் எண்ணினேன். பதினேழு போத்தல். சிலவற்றில் இரண்டு கரண்டி எண்ணெய்கூட இல்லை. எல்லாவற்றையும் துணியில் வடித்து ஊற்றினோம். ஓடியது.

அலியோஷா தாயைக் காண்கிறான். வயலிலிருந்து தாய் ஓடிவருகிறாள். சில நிமிடம்தான். கட்டிப்பிடிக்கிறார்கள். கூரை அப்படியே கிடக்கிறது. அவன் திரும்பிப் போய்விடுகிறான். அவன் திரும்பி வரமாட்டான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, அபிமன்யு கதையைப்போல. அந்தச் சில நிமிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரை எல்லாம் தமிழில் சொல்லப்பட்டிருந்தபடியால் அங்கே மொழி தேவைப்படவில்லை. படம் முடிந்தபோது ஊரில் ஒரு விளக்கும் இல்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீடு போனோம். மறுநாள் காலை நான் அந்தப் பக்கம் போனபோது, நான்கு பெடியன்கள் அந்த ஆச்சியின் கொட்டிலில் ஏறி நின்று கிடுகு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். ரஷ்யக் காய்ச்சல் மல்லாவியில் சுட்டது. அந்தப் படத்தை எடுத்த சுக்ராய் தானே போரில் நின்று காயப்பட்டவர். மக்கள் ஏன் போர்ப்படங்களை விரும்புகிறார்கள் என்று கேட்டால், வெடிக்காக என்று நான் சொல்லமாட்டேன். பகிர்ந்துண்ணும் ஒரு துண்டு பாணுக்காக, இரண்டு கட்டிச் சவர்க்காரத்துக்காக, வீட்டுக்குப் போகும் பாதைக்காக.

இரண்டாவது விடயம். படங்களில் குண்டு விழுந்தால் பெரிய நெருப்புப் பந்து எழுகிறது. எறிகணை விழுந்ததைப் பார்த்த எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எழுவது மண்ணும் புழுதியும்தான். ஆனால் ஸ்பீல்பேர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் தொடக்கத்தில், 1944 யூன் 6 நோர்மண்டிக் கடற்கரையில், கப்டனுக்குக் காது அடைத்து உலகம் மொத்தமும் தண்ணீருக்குள் போனதுபோல ஆகும் ஓர் இடம் வருகிறது. அது உண்மை. இந்தச் சபையில் பாதிப்பேர் அதற்குச் சாட்சி.

சொல்லாமல் விடுவதும் ஒரு வகைப் பொய்தான். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' நம் தீவிலே, கித்துல்கலவில், களனி கங்கையின் குறுக்கே பாலம் கட்டி எடுத்த படம். யப்பானியரிடம் அகப்பட்ட வெள்ளைக்காரக் கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதை. 1957 இல் வெளிவந்தது. ஏழு ஒஸ்கார் பரிசுகள். அதில் வரும் சீழ்க்கைப் பாட்டை நம் பாடசாலை வாத்தியக் குழுக்கள்கூட வாசிக்கின்றன. யப்பானியர் 1942 இலும் 1943 இலும் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட, 415 கிலோமீற்றர் நீளமான உண்மையான ரயில் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் இறந்தார்கள். அவர்களுள் மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். படத்தில் அந்தத் தமிழன் எங்கே? கற்சிலைமடுக் கல்லை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படம். கண் தெரியாத ஒரு கிழவர். அந்தப் பாத்திரத்தில் ஜோ அபேவிக்கிரம. சிப்பாயான மகனின் பெட்டி முத்திரையிட்டு வருகிறது. திறந்து பார்க்க அனுமதி இல்லை. தந்தை நம்பவில்லை. நட்டஈட்டுத் தாளில் கையெழுத்திட மறுக்கிறார். இறுதியில் குழியைத் தோண்டித் திறந்தால் உள்ளே மகன் இல்லை. 2000 ஆம் ஆண்டில் அந்தப் படத்தைத் திரையிட விடாமல் தடுத்தார்கள். உயர் நீதிமன்றம் சென்றுதான் வெளியே வந்தது. கிளிநொச்சிக் கந்தசாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாருக்கு அந்தக் கிழவரைத் தெரிந்திருக்க வேண்டாமா? அவரைப்போன்ற தென்னிலங்கைத் தந்தைமாருக்கு இந்தத் தாய்மாரைத் தெரிந்திருக்க வேண்டாமா? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றால், இருபக்கமும் வந்த காய்ச்சல் ஒருவருக்கொருவர் தெரியாமல் கிடப்பது ஏன்? நடுவில் இரண்டு வரி எழுத்து இல்லை. அவ்வளவுதான்.

பெரியோர்களே, நான் இந்த மேடைக்கு வந்த காரணமே அந்த இரண்டு வரி எழுத்துத்தான். தமிழ்த் துணைவரி. இதைக் கேட்டு நான் ஓர் அலுவலகத்துக்கு ஆறு கடிதம் எழுதினேன். இது எங்கள் வேலை இல்லை என்று ஒரு பதில் வந்தது. சரி, நம் வேலையாக இருக்கட்டும். செலவு பெரிதில்லை. ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், ஆங்கிலமோ சிங்களமோ தெரிந்த ஒருவர், நல்ல தமிழ் தெரிந்த ஒருவர். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வரக் கூடாது. சில விநாடிக்குள் வாசித்து முடிய வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. ஆகவே சுருங்கச் சொல்லப் பழக வேண்டும். இதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சி உயர்தர மாணவனுக்கு வேறு என்ன இருக்கிறது, கல்விப் பணிப்பாளர் அவர்களே? மொஸ்பிலிம் என்ற ரஷ்யத் திரைப்பட நிறுவனம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம். 1945 இல் டென்மார்க் கடற்கரையில் ஜேர்மன் சிறுவர்களைக்கொண்டு கண்ணிவெடி அகற்றிய கதையை ஒரு படமாக எடுத்திருக்கிறார்கள். முகமாலையில் அதே வேலையைச் செய்த நம் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, எந்த இடம் சரி, எந்த இடம் பிழை என்று சொல்ல நான் கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாத படங்களும் உண்டு. அதைத் தெரிவுசெய்ய மாதர் சங்கத்தாரும் ஆசிரியரும் இருக்கும் ஒரு குழு வேண்டும். மாதம் ஒரு படம், படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேச்சு. நிலையத்தின் பின்சுவரை வெள்ளையடித்துத் தந்தால் திரைக்குத் துணியும் தேவையில்லை. பிரதேச செயலாளர் அவர்கள் இதை மட்டும் இன்று ஒப்புக்கொண்டால் எனக்குப் பொன்னாடை வேண்டாம்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். பெண்களைப் பற்றிய மூன்றாவது விடயத்தை அடுத்த மாதப் படத்துக்குப் பிறகு பேசுகிறேன்.

வாசலில் மேசைமேல் ஒரு கொப்பி இருக்கிறது. துணைவரி எழுத விரும்புவோர் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். இந்த நிலையத்து உயர்தர மாணவர் ஐந்துபேர் இரண்டு மாதம் இருந்து முதற் படத்தை முடித்துவிட்டார்கள். இருபத்தேழு வருடத்துக்கு மேலாக நான் வாயால் சொல்லிவந்த கதை இன்றிரவு முதன்முறையாகத் தமிழ் எழுத்தோடு ஓடப் போகிறது. மின்சாரம் நின்றால் பயப்பட வேண்டாம். மின்பிறப்பாக்கியில் எண்ணெய் நிறைய இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். தம்பிமாரே, விளக்குகளை அணையுங்கள்.