தெரியல டீச்சர்

(புதுக்கோட்டை மாவட்டம், குடுமியான்மலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர் குழுவின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அக்காமார்களே, உட்கார இடமிருந்தும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற அண்ணன் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பா. இந்தக் கூட்டத்துக்கு என் தொண்டையே போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடுமியான்மலைப் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அந்தப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களை வரிசை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வயது ஆயிரத்துச் சொச்சம். கிரந்த எழுத்து, அதனால் என்னாலும் படிக்க முடியாது. கடைசியில் ஒரு தமிழ் வரி இருக்கிறது. "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்பது அது. என்ன எட்டு, என்ன ஏழு என்று பண்டிதர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. 1991-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் தொண்டராக இந்தப் பக்கம் முதன்முதலில் வந்தபோது, இந்த வட்டாரக் குவாரிகளில் பெண்கள் சம்மட்டியால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு எழுத்தைத் தாங்கி நிற்கிற மலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சம்பளப் பதிவேட்டில் வைத்ததோ கைநாட்டு.

ராத்திரி ஏழரை மணிக்கு வகுப்பு. அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, பலப்பம். முதல் நாள் நான் எழுதிக் காட்டிய சொல் "கல்". ஒரு பாட்டி உடனே, "காலையிலேருந்து அதத்தான் உடைக்கிறோம், ராத்திரியும் அதேயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் "பணம்" என்று எழுதினேன். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

முதல் சிக்கல் எழுத்தில் வரவில்லை, எங்கே உட்காருவது என்பதில் வந்தது. ஊர்ச் சாவடித் திண்ணையில் வகுப்பு என்று முடிவு செய்திருந்தோம். ஊர்த்தெருப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். காலனிப் பெண்கள் கீழே மண்ணில், விளக்கு வெளிச்சம் போய்ச் சேராத தூரத்தில் நின்றார்கள். மேலே வாங்க என்றால் வரமாட்டார்கள். வந்தால் மறுநாள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் பார்த்துவிட்டு, குவாரிக்குப் போகிற வழியில் இருந்த புளியமரத்தடிக்கு வகுப்பை மாற்றினோம். அங்கே திண்ணை கிடையாது. திண்ணை இல்லாத இடத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. எல்லோரும் ஒரே கோணிச்சாக்கில் உட்கார்ந்தார்கள். இதைப் பெரிய புரட்சி என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். திண்ணையில் உட்கார வைக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை, அதனால் இடத்தை மாற்றினோம். அவ்வளவுதான்.

இந்த உட்காருகிற கதை நம் புதுக்கோட்டைக்குப் புதிதும் இல்லை. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது ஊரில் எவ்வளவு எதிர்ப்பு! கடைசியில், பையன்கள் கண்ணில் படாதபடி திரைக்கு அப்பால் உட்கார்ந்து படி என்றார்கள். படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். பிறகு சட்டமன்றத்துக்கும் போனார், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். அந்த அம்மாவுக்கு ஒரு திரை, நம் பெண்களுக்கு ஒரு திண்ணை.

சைக்கிள் கதை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வகுப்புக்குப் போய்வர, அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்வர, பெண்கள் யார் பின்னாலும் தொங்கிக்கொண்டு போகக்கூடாது, சொந்தக் காலால் மிதித்துப் போகட்டும் என்று சைக்கிளை அறிவொளியோடு சேர்த்தார். வாடகை சைக்கிள் கடையில் ஒரு வண்டி மிச்சமிருக்காது. மந்தையில், கண்மாய்க் கரையில், எங்கே பார்த்தாலும் ஒருத்தி மிதிக்க, இருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். முட்டியில் தோல் உரியாதவர் யாருமில்லை. இதோ என் முட்டியிலும் தழும்பு இருக்கிறது, மேடையில் காட்ட முடியாது. மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனபோது, கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு பேருக்குக் கிடைக்கவில்லை. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். கேட்டால், "பாரில் சின்னவனை உட்கார வச்சுக்கலாம்ல" என்றார்கள். அதே காலத்தில், ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டிய ஆண்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்தார்கள். காலனிப் பெண் ஒருத்தி மணியடித்துக்கொண்டு தெருவைக் கடப்பது என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

கற்றுக்கொண்டவர்களுக்குக் கணக்குக் கேட்கவும் தோன்றியது. நாம் ஒரு லோடு ஜல்லி உடைத்தால் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு? நிர்வாகம் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள், ஆயிரக்கணக்கான பெண்கள். கொத்தடிமையாகக் கிடந்தவள் லோடு சீட்டில் கையெழுத்துப் போட்டாள். பழைய கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், குத்தகைகளும் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போயின. நமக்கு ஆசை இருந்த அளவுக்குப் பிடிமானம் இல்லை. இதைச் சொல்லாமல் வெற்றிக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது உங்களை ஏமாற்றுவது.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. என் மையத்தில் இருபத்திரண்டு பேர். மூன்று புத்தகம் முடித்தார்கள், தேர்வு எழுதினார்கள். எல்லோர் பெயருக்கு நேராகவும் டிக் போட்டேன். அந்த டிக்கைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைத்தேன்.

பதினாறு வருடம் போனது. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி, நல்ல கையெழுத்துக்காரி, என் வீடு தேடி வந்தாள். கையில் குழுக்கடன் விண்ணப்பப் பாரம். "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். ஏன், நீயே படி என்றேன். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், மடியில் வைத்துவிட்டாள். "தெரியல டீச்சர்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விளக்கு வெளிச்சத்தில் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்ததை மறந்துவிட்டாயே என்று திட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பாரத்தை நானே வேகமாகப் படித்தேன், வட்டி வரியை நானும் சரியாகக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போடு என்றேன், போட்டாள். பிறகு அந்தக் கடனில் வாராவாரம் எவ்வளவு கட்டினாள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி என்றும் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியைத் திட்டிவிட்டு என் தப்பிலிருந்து நான் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். வரிசையில் அவளும் நின்றாள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு, அங்கே கிடந்த பழைய நாளிதழை எடுத்து, மஞ்சள் விலையை எனக்கு வாசித்துக் காட்டினாள். தடுமாற்றமே இல்லை.

அவள் மறக்கவில்லை அம்மா. தெரியல என்றால், கண்ணுக்குத் தெரியல. நான் எடுத்துக்கொண்டது வேறு. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு அவள் என் வீட்டுக்கு எப்படி வந்தாள்? பஸ் போர்டைத் தானே படித்து, தானே ஏறி, தானே இறங்கி வந்தாள். தூரத்து எழுத்து தெரிந்தவளுக்குக் கிட்டத்து எழுத்து தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய எவளுக்கும் வருவது. ஆசிரியை என்று பெயர், எனக்கு அது தோன்றவில்லை. "இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் நிக்காது" என்று அந்தத் திண்ணைக்காரர்கள் சொன்னதை, ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன்.

சரி, உங்கள் குழுவுக்கு வருகிறேன். மூன்று மணியிலிருந்து உங்கள் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சந்தா, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் உள்கடன் கிடையாது என்ற தீர்மானத்தை இரண்டு தடவை படித்தேன். அதைப் போட்ட வாரத்தில் எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும்! பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளைத் துணைத் தேர்வுக்கு நீங்களே கூட்டிப்போய் எழுத வைத்திருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது, அதற்கு விண்ணப்பிக்கவும் உதவியிருக்கிறீர்கள். கூட்டத்தை ஒரு மாதம் ஊர்த்தெருவில், ஒரு மாதம் காலனியில் என்று மாற்றி மாற்றி நடத்துகிறீர்கள். நாங்கள் புளியமரத்தடிக்கு ஓடினோம். நீங்கள் ஓடவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. புத்தகம் முழுக்க ஒரே கையெழுத்து, உங்கள் ஊக்குநர் பொண்ணுடையது. அழகான எழுத்து, குறை சொல்லவில்லை. தீர்மானத்தை வாசித்துக் காட்டினார்களா என்று வெளியே மூன்று பேரிடம் கேட்டேன். "அது சொல்லும், நாங்க போடுவோம்" என்றார்கள். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கே கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால்?

கடன் அட்டை கொண்டு வந்திருப்பவர்கள் வெளியே எடுங்கள். பரவாயில்லை, இருக்கிற வெளிச்சம் போதும். மூன்றாவது வரியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பவர்கள் வெட்கப்படாமல் மற்றொரு கையைத் தூக்குங்கள்.

ஒன்று, இரண்டு... பதினொன்று. இந்த அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு.

புது வருஷத்துக்கு மண்டபத்தில் ஆர்ச் வைப்பதாகத் தலைவி சொன்னார். ஆர்ச் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் அக்கா. முதலில் இந்தப் பன்னிரண்டு பேரையும் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டிச் செலவு என்னுடையது. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று இப்போதே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஊக்குநர் பொண்ணு பேனாவைக் கொடும்மா.