பீப்பாய்க்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஓர் ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆலயக் குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சுற்றுச்சூழலைக் காப்போம், மரம் நடுவோம் என்ற வகையில் ஓர் உரையை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் உத்தியோகக் காலம் முழுவதும் ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடங்களிலேயே கழிந்தது. எனக்குத் தெரிந்தவை தொட்டிகளும் குழாய்களும் பீப்பாய்களும்தான். ஆகவே இன்று மாலை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை சென்றதையடுத்து வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊரார் கடைகளையும் தெருக்களையும் காவல் காத்துக்கொண்டிருந்த அதே இரவுகளில்தான், நகரின் வடக்கே கோர்னுபியாவில் யு.பி.எல். நிறுவனத்தின் வேளாண் இரசாயனக் கிடங்குக்குத் தீ வைக்கப்பட்டது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி என்று அடுக்கடுக்காக வைத்திருந்த சரக்கு நாள்கணக்கில் புகைந்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் அந்த நஞ்சையெல்லாம் கரைத்துக்கொண்டு பக்கத்து ஓடையில் இறங்கி, ஓலாங்கா ஆற்றின் கழிமுகத்தைத் தொட்டு, கடலில் கலந்தது. ஓடை நீர் நீலப்பச்சையாக ஓடியது; கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதந்தன; கடற்கரைகள் மூடப்பட்டன. தண்ணீர் அடித்த தீயணைப்பு வீரர்களை நான் குறை சொல்லவில்லை. தீப்பிடித்தால் வந்து சேரும் தண்ணீரையும் பிடித்து நிறுத்தும் அளவுக்குத் தடுப்புச்சுவரும் தேக்கத் தொட்டியும் அமைப்பது, கிடங்கைக் கட்டும்போதே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த நாள்களில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. கிடங்கில் என்னென்ன இருந்தது என்ற முழுப் பட்டியல் வெளியே வரப் பல நாள்கள் ஆயின. பிளாக்பர்ன் குடிசைப் பகுதியில் குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒரு தாய் மருத்துவரிடம் ஓடினால், எதை முகர்ந்தது குழந்தை என்று மருத்துவருக்குத் தெரியாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி என்றால் கொடுக்க வேண்டிய முறிமருந்து ஒன்று. எரிச்சலூட்டும் அமிலப் புகை என்றால் செய்ய வேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு. கலவரக்காரர்கள் வைத்த தீ என்பது உண்மைதான். ஆனால் பட்டியலை யாரும் எரிக்கவில்லை. அந்தக் கிடங்கு பெற்றிருக்க வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதியைப் பெறாமலே இயங்கியது என்று அரசின் முதற்கட்ட விசாரணை அறிக்கை பின்னர் கூறியது. அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தால், பட்டியல் அன்றே அதிகாரிகளின் கைக்கு வந்திருக்கும்.

இது புதிதாக வந்த நோய் அன்று. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அதன் தொழிலாளர் உடலில் பாதரச அளவு மிகுந்து, அங்கே கண்காணிப்பு இறுகியபோது, பாதரச வேலையை அந்த நிறுவனம் நம் மாகாணத்துக்கு மாற்றிக்கொண்டது. பிற நாடுகளில் பயன்படுத்தித் தீர்ந்த பாதரச வினையூக்கிகள், மறுசுழற்சி என்ற பெயரில், கப்பலேறி வந்தன. 1990-இல் ஆலையை ஒட்டிய ஓடையில் பாதரசம் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நீர் உம்கேனி ஆற்றில் சேர்ந்து, நம் குடிநீருக்கு ஆதாரமான இனாண்டா அணைக்குப் போகிறது. தொழிலாளர்கள் நஞ்சேறி விழுந்தார்கள், உயிர்களும் போயின. 1995-இல் அதிபர் மண்டேலா விசாரணை ஆணையம் அமைத்தார். அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான டன் பாதரசக் கழிவு பல பத்தாண்டுகள் அந்த வளாகத்திலேயே கிடந்தது. இறக்குமதித் தாளில் அது மூலப்பொருள், கொட்டகையில் அது கழிவு. ஆபத்தான கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டின் பேசல் உடன்படிக்கை இத்தகைய வியாபாரத்துக்கு மூக்கணாங்கயிறு போடத்தான் வந்தது. தென்னாப்பிரிக்கா அதில் சேர்ந்தது 1994-இல்.

சரி, கழிவே உண்டாகாமல் தொழில் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்காது. ஆனால் பெரும்பாலான கழிவின் பல்லைப் பிடுங்கிவிட முடியும். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிவிடுவேன்.

காரின் பம்பருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பளபளப்பான முலாம் பூசும் பட்டறைகளில் இரண்டு கழிவுநீர்கள் வரும். ஒன்று, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கலந்த மஞ்சள் நீர். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, நீரில் எளிதில் கரைந்து நெடுந்தூரம் ஓடக்கூடியது. இதில் அமிலம் சேர்த்து அமிலகாரச் சுட்டெண்ணை (pH; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்தி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொட்டிக் கலக்கினால், மஞ்சள் மங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். குரோமியம் இப்போது மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்கிவிட்டது, நஞ்சும் பெருமளவு தணிந்துவிட்டது. பிறகு சுண்ணாம்பு சேர்த்துச் சுட்டெண்ணை 8, 9 அளவுக்கு ஏற்றினால் பச்சைச் சேறாக அடியில் படியும். சுண்ணாம்பு தாராளமாக இருக்கட்டும் என்று கையோங்கிப் போட்டால், படிந்த குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். அளவு தெரிந்த கை வேண்டும். சேற்றை வடிகட்டி அழுத்தும் கருவியில் பிழிந்து கட்டியாக்கி, நீரைச் சோதித்த பிறகே வெளியே விட வேண்டும்.

இரண்டாவது, சயனைடு கலந்த நீர். இதற்குச் சிகிச்சை நேர் எதிர்: சுட்டெண்ணை 10-க்கு மேல், காரத்தன்மையிலேயே வைத்துக்கொண்டு, ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பான் சேர்த்துச் சிதைக்க வேண்டும். ஒன்றுக்கு அமிலம் வேண்டும், மற்றதற்கு அமிலம் ஆகவே ஆகாது. இரண்டும் ஒரே சாக்கடைக் குழியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லும். நான் போய்ப் பார்த்த ஒரு பட்டறையில், பின்சுவரோரம் வெயிலில் நின்ற நீலப் பிளாஸ்டிக் பீப்பாயின் லேபிள் உரிந்து போயிருந்தது. யாரோ அதன்மேல் சாக்கட்டியால் "ஓல்ட் ஆசிட்" என்று எழுதி வைத்திருந்தார்கள். திறந்து சோதித்தால், அது அமிலமே இல்லை, சயனைடு தொட்டியின் அடிக்கசடு. அமிலம்தானே என்று நம்பி அதை அமிலத் தொட்டியில் ஊற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைத்தான் நம் நாட்டுச் சட்டமும் எதிர்பார்த்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தின் கீழ் 2013-இல் வந்த விதிகளின்படி, கழிவை உண்டாக்குபவர் அது உண்டான 180 நாள்களுக்குள் அதன் ஆபத்தை வகைப்படுத்த வேண்டும். சேமிக்கும் கலத்தின்மேல் கழிவு முதலில் இடப்பட்ட தேதி, அளவு, வகை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். லாரியில் ஏறும்போது கூடவே ஆவணம் போக வேண்டும். விதியில் பெரிய குறை எதையும் நான் காணவில்லை. போய்ப் பார்க்கும் ஆய்வாளர்கள்தான் குறைவு.

பிழிந்த கட்டியும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. மிக ஆபத்தான கழிவைக் கொட்டிப் புதைக்கும் நிலநிரப்பில் களிமண்ணும் இரட்டைப் பிளாஸ்டிக் விரிப்பும் போட வேண்டும். மேல்விரிப்பு 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். இரண்டு விரிப்புகளுக்கும் நடுவே கசிவைக் காட்டிக்கொடுக்கும் அடுக்கும் வேண்டும். ஏன் இவ்வளவு என்றால், நம் ஊர் மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில், குப்பைக்குள் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் எதையாவது கரைத்துக்கொண்டு கீழே போகப் பார்க்கும்.

நிலநிரப்பு என்றதும் உங்கள் நினைவு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நம் சாட்ஸ்வொர்த்தின் புல்புல் டிரைவ் நிலநிரப்பை விரிவுபடுத்தி மேலும் பல ஆண்டுகள் நடத்த அதை நடத்திய நிறுவனம் முயன்றபோது, நாற்றத்தையும் லாரிகளையும் தாங்கிய குடும்பங்கள் எதிர்த்து நின்றன. 2011 நவம்பரில் அது மூடப்பட்டது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. மக்கள் வென்றது பெருமைதான். இருந்தாலும் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: இங்கே மூடியதால் கழிவு மறைந்துவிடவில்லை, லாரி வேறொரு மேட்டுக்குத் திரும்பியது. இனப்பிரிவினைக் காலத்தில் நம்மவரையும் கறுப்பின மக்களையும் ஆலைகளின் நிழலில் குடியேற்றினார்கள்; தெற்கு டர்பனில் உள்ள மெரிபேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்துமா அறிகுறி காணப்பட்டது. நம் மூச்சு முட்டுகிறது என்பதற்காக அதே சுமையை இன்னொரு ஏழைக் குடியிருப்பின் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. உண்டாகும் இடத்திலேயே அளவைக் குறைக்கவும் நஞ்சை முறிக்கவும் ஆலையை நிர்ப்பந்திக்க வேண்டும், அதற்கும் நமக்கு முதலில் பட்டியல் வேண்டும்.

அதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற சூழலில் வாழும் உரிமையை அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு நமக்குத் தருகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும்: உங்கள் உரிமையைக் காக்க இந்தத் தகவல் தேவை என்று காட்டி எழுதிக் கேட்டால், 30 நாள்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். விபத்து நடந்தால், 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டிய கடமை தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

கேட்கும்போது "ஆபத்து இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என்ன பொருள், எத்தனை கிலோ, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, எங்கே அனுப்பினீர்கள், பாதுகாப்பாக அழித்ததற்கான சான்றிதழ் எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். வரும் தாளைப் படித்துச் சொல்ல வேதியியல் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆய்வுக்கூடக்காரர்களும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பத்தை எந்தக் கிடங்குக்கு எழுதுவது என்பதை, ஆலயக் குழுவினர் இசைந்தால், இன்றைக்கே இங்கேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம். படிவங்களைக் கொண்டு வந்திருக்கிறேன். வணக்கம்.