பூட்டு ஊரில் பூட்டாத கம்பி தேடிய கதை

வணக்கம் மக்களே. இன்றைக்கு டவர் உச்சியிலிருந்து சூரிய உதயம் எல்லாம் கிடையாது. கோபத்தில் இருக்கிறேன்.

போன வாரம் ஷெல்டருக்குள், அதாவது செல்போன் டவர் அடியில் இருக்கும் கருவி அறைக்குள், பேட்டரி வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை! வாட்ச்மேன் அண்ணன் டீ குடித்துவிட்டு வர இருபது நிமிடம்.

அதுவரை சுவரில் இருந்த 4.5 கிலோ சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்பு சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறை பத்துக்குப் பத்து, ஒன்பதடி உயரம். தீப்பிடித்து முழு சிலிண்டரையும் அடித்தால் இரண்டரை கன மீட்டர் வாயு, அதாவது அறைக் காற்றில் 10 சதவீதத்துக்குப் பக்கம். அந்த அளவில் சில நிமிடங்களில் ஆளுக்கு நினைவு தப்பும். தீயும் அணையும், நானும் அணைவேன்!

அதனால் பேனிக் பார் வாங்கக் கிளம்பினேன். கதவின் உள்பக்கம் மாட்டும் குறுக்குக் கம்பி, சாவி வேண்டாம், இடுப்பால் தள்ளினாலே திறக்கும். எங்கே தேடினேன் தெரியுமா? திண்டுக்கல்லில்! பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் போய்ப் பூட்டாத சாமான் கேட்டால்? ஒரு கடையில் மாங்காய்ப் பூட்டை எடுத்து நீட்டினார்கள். நான்காவது கடையில் கிடைத்தது. 2,850 சொன்னார். வெளியே வருவதுபோல் இரண்டு தடவை வாசல் வரை போனேன். 2,300. எனக்கு இதுதான் ஆஸ்கார். பில் ஆபீஸில் இன்னும் பாஸ் ஆகவில்லை, அது வேறு கதை.

ஆ, சொல்ல மறந்தேன். நம் கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் இந்தக் கம்பி வீண்.

சிலிண்டரையும் இடம் மாற்றினேன். கடைசி மூலையில் இருந்ததை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. நெருப்பைத் தாண்டிப் போயா அதை எடுப்பது? அதில் அழுத்தம் காட்டும் முள் கிடையாது, எடை போட்டுத்தான் வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

லித்தியம் பேட்டரி வந்த சைட்காரர்களே, புகை அடங்கிவிட்டது என்று கதவைத் திறக்காதீர்கள். 2019 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு பேட்டரிக் கூடத்தில் அணைக்கும் வாயு தானாக அடித்து முடிந்து, சில மணிநேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே தேங்கியிருந்த பேட்டரி வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

சரி, கம்பியை மாட்டியாயிற்று. வாட்ச்மேன் அண்ணன் டீ கிளாஸோடு முதுகால் தள்ளிக்காட்டினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் பெட்டியில் நான்கு திருகாணிக்கு மூன்றுதான் இருந்தது. கடைக்கார அண்ணே, நாளைக்கு வருகிறேன், அந்த ஒன்றை எடுத்து வையுங்கள்.